பல் எக்ஸ்ரே ஃபிலிமும் டார்க் ரூமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் கிளினிக்கில் புதிதாக வேலைக்குச் சேரும் உதவியாளர்களுக்கும் பி.டி.எஸ். மாணவர்களுக்கும் டார்க் ரூம் வேலையைச் சொல்லிக்கொடுப்பவன் நான். கம்ப்யூட்டரில் படம் காட்டும் ஆர்விஜி வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் சின்ன ஊர் கிளினிக்குகளில் ஃபிலிம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. படம் சரியாக வரவில்லை என்றால் எல்லார் கையும் முதலில் மெஷினின் டைமருக்குத்தான் போகும். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது, ஃபிலிமை முக்கும் மருந்துத் தொட்டியில் இருக்கும். கீழே உள்ள கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

அந்தச் சின்ன பாக்கெட்டைப் பிரிச்சா உள்ள என்னென்ன இருக்கும்?

வெளியே ஈரமும் வெளிச்சமும் புகாத பிளாஸ்டிக் உறை. உள்ளே கறுப்புக் காகிதம், அதற்குள் ஃபிலிம், பின்பக்கம் மெல்லிய ஈயத்தகடு. சில பாக்கெட்டில் இரண்டு ஃபிலிம் இருக்கும். ஒன்றை நோயாளியிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றை ஃபைலில் வைத்துக்கொள்ளலாம்.

ஃபிலிம் என்பது சுமார் 0.2 மி.மீ. தடிமன் உள்ள பாலியெஸ்டர் தகடு. அதன் இரண்டு பக்கமும் எமல்ஷன் பூசியிருப்பார்கள். எமல்ஷனில் இருப்பது ஜெலட்டினும், அதில் பரவிக்கிடக்கும் சில்வர் புரோமைடு துகள்களும், கொஞ்சம் சில்வர் அயோடைடும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அதே கறுப்பு வர இன்னும் கதிர் வேண்டியிருக்கும். ஈயத்தகடு, ஃபிலிமைத் தாண்டிப் போகும் கதிர் திசுவில் பட்டுத் திரும்பி வந்து படத்தை மங்கலாக்காமல் பார்த்துக்கொள்கிறது.

எந்தப் பக்கம் மெஷினைப் பார்க்கணும்? எனக்கு எப்பவும் குழம்பிடுது.

வெள்ளைப் பக்கம் பல்லையும், மெஷினில் கதிர் வரும் டியூபையும் பார்க்க வேண்டும். கலர் அடித்து, பிரிக்கிற மடிப்பு இருக்கும் பக்கம் நாக்கை நோக்கி. மாற்றி வைத்தால் கதிர் ஈயத்தகட்டைக் கடந்து வர வேண்டியிருக்கும். படம் வெளுத்துப்போய், மேலே டயர் தடம் போல ஒரு கோலமும் விழும். அந்தக் கோலத்தைக் கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றேதான் தகட்டில் அழுத்தி வைத்திருக்கிறார்கள், தப்பு நடந்தது தெரியட்டும் என்று.

ஒரு மூலையில் விரலில் தட்டுப்படும் சின்னப் புடைப்பு உண்டு. அதன் மேடான பக்கம் டியூப் பக்கம். வாயில் வைக்கும்போது புடைப்பு பல்லின் கடிக்கும் முனைப் பக்கம் வருமாறு பிடியுங்கள். வேர் நுனிப் பக்கம் போனால், பார்க்க வேண்டிய இடத்திலேயே போய் உட்கார்ந்துவிடும்.

0, 1, 2ன்னு நம்பர் சொல்றாங்களே, யாருக்கு எது?

0 சின்னக் குழந்தைகளுக்கு, 22-க்கு 35 மி.மீ. 1 முன்பல்லுக்கு, 24-க்கு 40. 2 பெரியவர்களுக்கு, 31-க்கு 41. கிளினிக்கில் ‘ஐஓபிஏ ஒண்ணு எடு’ (வாய்க்குள் ஃபிலிம் வைத்து, பல்லை வேர் நுனி வரை எடுக்கும் படம்) என்றால் கை போவது பெரும்பாலும் இந்த 2-ஆம் நம்பருக்குத்தான். 3 நீளமானது, மேல் கீழ்ப் பற்களின் தலைப்பகுதியை ஒரே படத்தில் எடுக்கும் பைட்விங்குக்கு என்றே செய்தது, அதிகம் பார்க்க முடியாது. 4 என்பது 57-க்கு 76 மி.மீ. அளவுள்ள ஆக்லூசல் ஃபிலிம். அதைக் கடித்துக்கொள்ளச் சொல்லி எடுப்பார்கள்.

டி, ஈ, எஃப்னு ஸ்பீட் போட்டிருக்கே, எஃப்னா சீக்கிரம் டெவலப் ஆகுமா?

இல்லை. ஸ்பீட் என்பது டெவலப் ஆகும் வேகம் இல்லை. படம் விழ எவ்வளவு கதிர் வேண்டும் என்பதற்கான கணக்கு. டி-க்கு வேண்டியதில் ஏறத்தாழ பாதி ஈ-க்குப் போதும். எஃப்-க்கு அதிலும் 20 முதல் 25 சதவீதம் குறைவு. ஏ, பி, சி எல்லாம் எப்போதோ வழக்கொழிந்துவிட்டன.

1896 ஜனவரியில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஓட்டோ வால்கோஃப் என்ற பல் மருத்துவர் தன் பல்லையே எக்ஸ்ரே எடுத்தார். ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சாதாரண போட்டோ கண்ணாடித் தகட்டைக் கறுப்புக் காகிதத்திலும் ரப்பரிலும் சுற்றி வாயில் வைத்துக்கொண்டு 25 நிமிடம் கதிரை வாங்கினார். கோடாக் 1981-இல் எக்டாஸ்பீட் என்ற ஈ ஃபிலிமையும் 2000-இல் இன்சைட் என்ற எஃப் ஃபிலிமையும் கொண்டுவந்தது. இன்சைட்டில் வெள்ளித் துகள்கள் தட்டையாக, அகலப் பக்கத்தைக் கதிருக்குக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். கதிர் அதிகமாகப் பிடிபடுவதன் ரகசியம் அதுதான்.

இவ்வளவு இருந்தும் பலர் டி-யை விடுவதில்லை. ‘டி-யில்தான் படம் ஷார்ப்’ என்பார்கள். வித்தியாசம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தெரியலாம். சொத்தை கண்டுபிடிப்பதில் எஃப் பின்தங்குவதில்லை. பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: எஃப்-க்கு மாறும் அன்றே டைமரையும் குறைக்க வேண்டும். குறைக்காமல் எடுத்துவிட்டு, படம் கறுக்கிறதே என்று டெவலப்பரிலிருந்து சீக்கிரம் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபிலிமுக்குக் கொடுத்த கூடுதல் காசு மொத்தமும் வீண்.

ஓபிஜி ஃபிலிமும் இதேதானா? பெரிசா வெட்டியிருக்காங்க, அவ்வளவுதானே?

இல்லை, அது வேறு ஜாதி. வாய்க்குள் வைக்கும் ஃபிலிமில் எக்ஸ் கதிரே நேரடியாகப் படத்தை உண்டாக்கும். ஓபிஜி (இரண்டு தாடையும் ஒரே படத்தில்), செஃபலோ (பக்கவாட்டில் தலை முழுவதும்) ஃபிலிம்கள் கேஸட் என்ற தட்டைப் பெட்டிக்குள் இரண்டு ஸ்கிரீன்களுக்கு நடுவே இருக்கும். கதிர் பட்டதும் ஸ்கிரீன் ஒளிரும், படத்தின் பெரும்பகுதியை அந்த வெளிச்சம்தான் எழுதுகிறது. அதனால் கதிர் மிகக் குறைவாகப் போதும். கூர்மை கொஞ்சம் போகும். வாய்க்குள் இதை வைத்துக்கொள்ளாததற்கு இடமின்மையோடு இந்தக் காரணமும் உண்டு.

பழைய கால்சியம் டங்ஸ்டேட் ஸ்கிரீன் நீல வெளிச்சம் தரும். இப்போதுள்ள காடோலினியம் ஸ்கிரீன் பச்சை தரும். பச்சை ஸ்கிரீனுக்கு நீல ஃபிலிமை வாங்கிப் போட்டால் படம் வெளுக்கும். கடையில் ‘12-க்கு 5 இஞ்ச்’ என்று அளவு சொல்வதோடு நிறுத்தாமல், கேஸட்டைத் திறந்து ஸ்கிரீன் ஓரத்தில் அச்சடித்திருக்கும் பெயரையும் சொல்லி வாங்குங்கள்.

எக்ஸ்ரே எடுத்தவுடனே பிரிச்சா ஃபிலிம்ல ஒண்ணுமே தெரியாதாமே. அப்போ படம் எங்க இருக்கு?

படம் விழுந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. கதிர் பட்ட ஒவ்வொரு துகளிலும் சில வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும். டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுவினோனும் ஃபெனிடோனும் அந்த அடையாளம் உள்ள துகள்களைத் தேடிப்பிடித்து முழுவதையும் கறுப்பு வெள்ளியாக மாற்றும். கதிர் படாத துகளை, நேரம் மீறாதவரை, தொடாது.

அப்புறம் ஃபிக்ஸர். அதிலுள்ள தயோசல்ஃபேட் கதிர் படாத துகள்களைக் கரைத்து எடுத்துவிடும். படிகாரம் போன்ற அலுமினிய உப்பு ஒன்று ஜெலட்டினை இறுக்கும். துகள் கரைந்து போன இடம் வெள்ளையாகத் தெரியும். பல்லும் ஃபில்லிங்கும் கதிரைத் தடுப்பதால் வெள்ளை. கன்னம் போன்ற மெல்லிய சதை தடுக்காததால் கறுப்பு.

டெவலப்பர்ல எவ்வளவு நேரம் வைக்கணும்? எங்க கிளினிக்ல படம் தெரியற வரைக்கும்னு சொல்றாங்க.

அதுதான் நம் ஊர் டார்க் ரூம்களின் பெரிய வியாதி. ஃபிலிமைத் தூக்கித் தூக்கி சிவப்பு வெளிச்சத்தில் பார்த்து, ‘வந்திடுச்சு’ என்று எடுத்துவிடுவது. மங்கிய சிவப்பு வெளிச்சத்தில், ஃபிக்ஸ் ஆகாத ஃபிலிமில் கறுப்பின் அளவை எந்தக் கண்ணாலும் சரியாகக் கணிக்க முடியாது. பாதி வெந்ததை எடுத்துவிட்டு, அடுத்த நோயாளிக்குக் கதிரைக் கூட்டுவார்கள்.

நேரத்தைச் சொல்ல வேண்டியது தெர்மாமீட்டர். டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் 5 நிமிடம். 21-இல் நாலரை. 22-இல் 4. 24 அரையில் 3. 26 அரையில் இரண்டரை. சாதாரண கரைசலுக்கான கணக்கு இது. பாட்டிலில் வேறு அட்டவணை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். காலையில் தொட்டியைக் கலக்கி, சூடு பார்த்து, அன்றைக்கான நேரத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. மத்தியானம் இன்னொரு முறை பாருங்கள்.

ஃபிலிமை முக்கியதும் அதை மாட்டியிருக்கும் ஹேங்கரை நாலைந்து முறை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் போகத்தான். குமிழி இருந்த இடத்தில் டெவலப்பர் படாமல் வெள்ளைப் புள்ளி விழும்.

சென்னைல மே மாசம் குழாய்த் தண்ணியே கொதிக்குது. 20 டிகிரிக்கு எங்க போறது?

20-க்கு யாரும் போக வேண்டாம், 27-க்குள் இருந்தால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் நேரம் ரொம்பச் சுருங்கி, கொஞ்ச நொடி பிசகினாலும் படம் மாறும். ஃபிலிம் முழுவதும் ஒரு சாம்பல் புகையும் ஏறும். 32-ஐத் தாண்டினால் ஜெலட்டின் இளகி, விரல் பட்ட இடத்தில் வழண்டு வரும்.

தொட்டிகள் வெளித்தொட்டியில் நீருக்குள் நிற்கிற மாதிரி இருந்தால் அந்த நீரை மட்டும் குளிர்வியுங்கள். பாலிதீன் பையில் ஐஸ் கட்டிப் போட்டாலே போதும். டெவலப்பருக்குள் நேராக ஐஸ் போட்டால் மருந்து நீர்த்துப்போகும், அந்த வேலை வேண்டாம். மேல்தொட்டித் தண்ணீரை வெயில் நேரத்தில் நேராகத் திறந்துவிடாமல், முந்தைய இரவே ஏசி அறையில் பக்கெட்டில் பிடித்து வையுங்கள். அதற்காகக் கழுவும் தண்ணீரை மட்டும் ஜில்லென்று வைக்காதீர்கள். சூடான டெவலப்பரிலிருந்து எடுத்துக் குளிர்நீரில் விட்டால் எமல்ஷன் சுருங்கி வலை வலையாக வெடிக்கும். எல்லாத் தொட்டியும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம்.

நடுவுல தண்ணில முக்கறதை விட்டுட்டா என்ன ஆகும்?

உடனே ஒன்றும் ஆகாது. டெவலப்பர் காரம், ஃபிக்ஸர் அமிலம். அலசாமல் போட்டால் ஃபிக்ஸர் நாள்பட வீணாகும். அரை நிமிடம் அசைத்து அலசுங்கள். இதைவிட மோசம் தலைகீழாக நடப்பது. ஃபிக்ஸர் காய்ந்த ஹேங்கரைக் கழுவாமல் டெவலப்பரில் விட்டால் சில சொட்டிலேயே டெவலப்பர் கெட ஆரம்பிக்கும். ஹேங்கரின் கிளிப்பில்தான் ஃபிக்ஸர் ஒளிந்திருக்கும், அங்கே தேய்த்துக் கழுவுங்கள். கலக்கும் குச்சியும் இரண்டுக்கும் தனித்தனி.

ஃபிக்ஸர்ல ஒரு நிமிஷம் போட்டாலே படம் தெரியுதே. எடுத்துடலாமா?

வேர் சிகிச்சை நடுவே டாக்டர் அவசரமாகக் கேட்டால், ரெண்டு மூன்று நிமிடம் ஃபிக்ஸரில் வைத்து, அலசி, ஈரத்தோடு காட்டலாம். காட்டிவிட்டு மறுபடி ஃபிக்ஸரில் போட்டு 10 நிமிடத்தை நிறைவு செய்ய வேண்டும். பிறகு ஓடும் தண்ணீரில் 20 நிமிடம்.

அந்த ‘மறுபடி’தான் நடக்காது. ஃபிலிம் அப்படியே கவருக்குள் போகும். கதிர் படாத வெள்ளி மிச்சம் இருப்பதால் ஒரு வருடத்தில் பழுப்பேறும். ஃபிக்ஸரை ஒழுங்காகக் கழுவாவிட்டாலும் இதே கதிதான். பிறகு ஒரு வழக்கோ, இம்ப்ளான்ட் கணக்கோ வரும்போது பழைய படத்தை எடுத்துப் பார்த்தால் கறைதான் மிஞ்சும். ஒழுங்காக ஃபிக்ஸ் செய்து கழுவியது பல பத்தாண்டுகள் அப்படியே இருக்கும். அதற்காக ராத்திரி முழுக்க ஃபிக்ஸரில் ஊறவிடவும் கூடாது. படமே மெல்ல வெளுத்துக் கரையும்.

சேஃப் லைட்டுக்கு சிவப்பு ஜீரோ வாட் பல்பு போதாதா?

போதாது. சேஃப் லைட் என்பது ஃபிலிமைக் கெடுக்காத டார்க் ரூம் விளக்கு. சிவப்பு பெயின்ட் அடித்த பல்பு நம் கண்ணுக்குத்தான் சிவப்பு. ஃபிலிம் பார்க்கும் நீலமும் பச்சையும் அதில் கசியும். ஜிபிஎக்ஸ்-2 என்ற சிவப்பு ஃபில்டர், உள்ளே 15 வாட் பல்பு, மேஜையிலிருந்து 4 அடி உயரம். இது ஐஓபிஏவுக்கும் ஓபிஜிக்கும் ஒத்துவரும். ஆம்பர் நிற ஃபில்டர் டி ஃபிலிமுக்குச் சரி, பச்சை ஸ்கிரீன் ஃபிலிமுக்கு ஆகாது.

சந்தேகம் இருந்தால் காசு வைத்துப் பாருங்கள். ஒரு ஃபிலிமுக்கு மிகக் கொஞ்சமாகக் கதிர் கொடுங்கள். கொஞ்சம் கதிர் பட்ட ஃபிலிம் வெளிச்சத்துக்கு இன்னும் சுளுவாகக் கறுக்கும் என்பதால் சோதனை கறாராக இருக்கும். டார்க் ரூமில் பிரித்து மேஜையில் வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயம். வழக்கமாக ஃபிலிம் வெளியே இருக்கும் நேரம், ஒரு மூன்று நிமிடம், விட்டு டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் வெளிச்சம் கசிகிறது. விளக்கை அணைத்துவிட்டு மறுபடி செய்தும் வட்டம் வந்தால், கதவிடுக்கைப் பாருங்கள். இப்போதெல்லாம் பாக்கெட்டில் ஒளிரும் செல்போனையும் கையில் ஒளிரும் வாட்ச்சையும் முதலில் சந்தேகப்படுகிறேன்.

சேர் பக்கத்துலயே வைக்கிற டப்பா இருக்கே, அதுல கையை விட்டு டெவலப் பண்றது சரியா?

வேர் சிகிச்சைக்கு அது ஒரு வசதிதான். கூடவே வரும் ‘ரேபிட்’ கரைசலில் 15 முதல் 30 விநாடியில் டெவலப் ஆகும். ஆனால் டப்பா மூடியின் சிவப்புப் பிளாஸ்டிக் எல்லா ஃபிலிமுக்கும் போதுமானதல்ல. ஈ, எஃப் ஃபிலிமை ஜன்னல் பக்கம் வைத்து அல்லது டென்டல் சேர் விளக்குக்குக் கீழே பிரித்தால் புகை ஏறும். விளக்கைத் திருப்பிவிட்டு நிழலில் வைத்துச் செய்யுங்கள். முன்கேள்வியின் நாணயச் சோதனையை டப்பாவுக்குள்ளும் செய்யலாம். வேலை முடிந்ததும் ஃபிலிம் பெரிய ஃபிக்ஸர் தொட்டிக்குப் போக வேண்டும், முன்பு சொன்ன பழுப்பு இதற்கும் வரும்.

மருந்தை பாக்கெட்டுக்குள்ளயே ஊசியால ஏத்துற ஃபிலிம்?

செல்ஃப் டெவலப்பிங் ஃபிலிம். டெவலப்பரும் ஃபிக்ஸரும் கலந்த ஒரே மருந்து. டார்க் ரூம் வேண்டாம், கண் முகாம் மாதிரி நடக்கும் பல் முகாம்களுக்கு உதவும். விலை அதிகம், படத்தில் அழுத்தம் குறைவு. தினசரி வேலைக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டெவலப்பரை எப்ப மாத்தணும்? கலர் மாறினதுக்கு அப்புறமா?

டிகாக்‌ஷன் கலருக்கு வந்துவிட்டால் கேள்வியே இல்லை, கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். ஆனால் நிறம் மாறுவதற்கு முன்பே மருந்து பலம் இழந்திருக்கும். பயன்படுத்தாவிட்டாலும் காற்றுப் பட்டு கெடும். மூடியை எப்போதும் போட்டு வையுங்கள். பொதுவாக மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். ஃபிலிம் அதிகம் ஓடும் இடத்தில் அதற்கு முன்பே.

கணிப்பை விட்டுவிட்டு அளந்து பார்க்க ஒரு வழி உண்டு, காசே செலவில்லை. பாக்கெட்டிலிருந்து எடுத்த ஈயத்தகடுகளைச் சேர்த்துவைத்து, ஐஸ்கிரீம் குச்சி போன்ற நாக்கு அழுத்தும் குச்சியில் படிக்கட்டாக ஒட்டுங்கள்: முதல் படியில் ஒரு தகடு, அடுத்ததில் இரண்டு, இப்படி ஐந்தாறு. புது மருந்து ஊற்றிய அன்று, ஒரே அமைப்பில் இதை வைத்து ஒரு இருபது ஃபிலிம் எடுத்துவிடுங்கள். ஒன்றை உடனே டெவலப் செய்தால் அதுதான் அளவுகோல். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து, தினம் காலையில் ஒன்றை எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் டெவலப் செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படி வித்தியாசம் வந்தால் உஷார். இரண்டு படி என்றால் மாற்றிவிடுங்கள்.

ஃபிக்ஸருக்குச் சோதனை இன்னும் எளிது. வீணான ஃபிலிம் ஒன்றைப் பிரித்து, வெள்ளை வெளிச்சத்திலேயே, ஃபிக்ஸரில் போட்டு எத்தனை நேரத்தில் தெளிவாகிறது என்று பாருங்கள். புது ஃபிக்ஸரில் எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆனால் அதன் ஆயுள் முடிந்தது.

படம் வெளுப்பா வருது. டைமரைக் கொஞ்சம் கூட்டிக்கவா?

வேண்டாம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பலமிழந்த டெவலப்பரை ஈடுகட்ட டைமரைக் கூட்டினால், மருந்துக்கு ஆக வேண்டிய செலவை நோயாளியின் உடம்பு கட்டுகிறது. அடுத்த மாதம் புது மருந்து ஊற்றியதும் எல்லாப் படமும் கறுக்கும், யாருக்கும் காரணம் தெரியாது.

மேலே சொன்ன ஃபிரிட்ஜ் ஃபிலிம் இங்கேதான் கைகொடுக்கும். அதில் ஒன்றை எடுத்து டெவலப் செய்யுங்கள். அதுவும் வெளுத்தால் குற்றம் டெவலப்பர், சூடு, நேரம் இவற்றில். அது சரியாக வந்து நோயாளி படம் மட்டும் வெளுத்தால்தான் மெஷின் பக்கம் போக வேண்டும்: டைமர், மின்னழுத்தம், மெஷினின் முனையான கோனுக்கும் கன்னத்துக்கும் இடையே விட்ட இடைவெளி, ஃபிலிம் திருப்பி வைக்கப்பட்டதா. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் காலைப் படம் நன்றாக வந்து மாலைப் படம் வெளுப்பது சாதாரணம்.

கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி, கிளை கிளையா கோடு. எது எதனால?

டெவலப் செய்வதற்கு முன் டெவலப்பர் தெறித்தால் கறுப்புப் புள்ளி. ஃபிக்ஸர் தெறித்தால் வெள்ளை. ஈரமான மேஜையில் ஃபிலிமைப் பிரித்தால் இரண்டும் கிடைக்கும். பிறை வடிவக் கீறல் நகம் பட்டது. ஃபிலிமை மடக்கினால் மடிப்பில் கறுப்புக் கோடு. ஏசி அறையின் வறண்ட காற்றில் கறுப்புக் காகிதத்திலிருந்து வெடுக்கென்று இழுத்தால் நிலைமின் பொறி கிளை கிளையாகக் கோடு போடும். மெதுவாக உருவுங்கள்.

விரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தால், ஃபுளோரைடு ஜெல் தொட்ட கையோடு ஃபிலிமைத் தொட்டிருக்கிறீர்கள். எச்சில் பட்ட பாக்கெட்டைக் கையுறையோடு பிரித்து, ஃபிலிமைத் தொடாமல் சுத்தமான பேப்பர் கப்பில் நழுவவிட்டு, கையுறையைக் கழற்றிக் கை கழுவித் துடைத்த பிறகு ஓரத்தைப் பிடித்து எடுத்தால் தொற்றும் இல்லை, ரேகையும் இல்லை.

ஃபிலிம் முழுக்க ஒண்ணுமே இல்லாம வந்துச்சு. மெஷின் போயிடுச்சா?

இருக்கலாம். அதற்கு முன், யாராவது தொட்டியை மாற்றி ஊற்றினார்களா என்று கேளுங்கள். முதலில் ஃபிக்ஸரில் விழுந்த ஃபிலிமில் எல்லா வெள்ளியும் கரைந்து வெறும் பாலியெஸ்டர்தான் மிஞ்சும். இடது டெவலப்பர், வலது ஃபிக்ஸர் என்பது வழக்கம், ஆனால் மூடியில் பெயர் எழுதுவது நல்லது. முழுக்கக் கறுத்திருந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது.

படத்துக்கு டூப்ளிகேட் போட்டேன், கறுப்பா வந்துச்சு. வெளிச்சத்தைக் குறைச்சேன், இன்னும் கறுத்துடுச்சு!

டூப்ளிகேட் ஃபிலிம் தலைகீழாக நடந்துகொள்ளும். அதன் எமல்ஷனை முன்கூட்டியே அப்படிப் பக்குவப்படுத்தியிருப்பார்கள். வெளிச்சம் கூடினால் வெளுக்கும், குறைந்தால் கறுக்கும். கறுப்பாக வந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். இதில் எமல்ஷன் ஒரு பக்கம் மட்டும்தான், மங்கலாகத் தெரியும் பக்கம். அந்தப் பக்கம் அசல் படத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவே காற்று புகுந்தால் படம் கலங்கும்.

ஃபிலிமை போன்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்டர் பார்த்துச் சொல்லிடுவாரா?

பார்ப்பார். எந்தப் பக்கப் பல் என்று தப்பாகச் சொல்லிவிடவும் வாய்ப்பு உண்டு. புடைப்பின் மேடான பக்கம் உங்களைப் பார்க்க வைத்து எடுங்கள், அப்போதுதான் நோயாளிக்கு எதிரில் நின்று பார்ப்பது போல இடமும் வலமும் வரும். ஜன்னலில் தூக்கிப் பிடிக்காமல் வியூவரில் (பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பெட்டி) வைத்து, ஃபிலிமைச் சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கறுப்புத் தாளால் மறையுங்கள். இல்லாவிட்டால் போன் அந்த வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு படத்தை இருட்டாக்கும். பல் எண்ணையும் தேதியையும் சேர்த்து அனுப்புங்கள்.

பழைய ஃபிலிம் பெட்டி ஒண்ணு அலமாரில இருக்கு, ஈயம் போட்ட மரப்பெட்டி. அதுல இருக்கிறதை யூஸ் பண்ணலாமா?

தொடாதீர்கள். அந்தப் பெட்டிகளில் ஈயம் ஆக்ஸைடாகி வெள்ளைப் பொடியாகப் பாக்கெட் மேல் படியும், அந்தப் பாக்கெட்தான் நோயாளி வாய்க்குள் போகும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2001-இல் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. ஃபிலிம்களையும் சேர்த்துத்தான் கழிக்க வேண்டும்.

தேதி முடிந்த ஃபிலிமில் புகை ஏறியிருக்கும். சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம், நோயாளிக்கு வேண்டாம். நல்ல ஃபிலிமை 10 முதல் 21 டிகிரிக்குள், மருந்து வாடையும் கதிரும் படாத இடத்தில் வையுங்கள். நம் ஊரில் அதற்கு ஃபிரிட்ஜ்தான். எடுத்தவுடன் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் உள்ளே வியர்க்கும்.

தீர்ந்த மருந்தை வாஷ்பேஸின்ல ஊத்திடலாமா?

கூடாது. ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் எக்ஸ்ரே டெவலப்பிங் திரவத்தை மஞ்சள் வகையின் ரசாயனத் திரவக் கழிவில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. தனி கேனில் சேர்த்துவையுங்கள். தீர்ந்த ஃபிக்ஸரிலிருந்து வெள்ளி எடுப்பவர்கள் இருக்கிறார்கள், எனவே டெவலப்பரோடு கலக்காமல் வைத்தால் நல்லது. ஈயத்தகடுகளையும் குப்பைத்தொட்டியில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து, ஈயம் எடுக்க அனுமதி உள்ளவரிடம் கொடுங்கள். படிக்கட்டுக் குச்சிக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆர்விஜி வாங்கிட்டா இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே. கதிர்வீச்சும் குறைவுதானே?

ஒரு படத்துக்கான கதிர் குறைவுதான், டி ஃபிலிமோடு ஒப்பிட்டால் நல்ல வித்தியாசம், எஃப்-ஓடு ஒப்பிட்டால் அவ்வளவு இல்லை. டார்க் ரூம், மருந்து, கழிவு எதுவும் கிடையாது. ஆனால் படம் உடனே தெரிவதால் ‘இன்னொன்று எடு, இன்னொன்று எடு’ என்று எடுத்துக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கிறேன். சென்சார் தடிமனாக, விறைப்பாக இருப்பதால் குழந்தைகளுக்கும் குமட்டல் உள்ளவர்களுக்கும் வைப்பது சிரமம். அந்த இடத்தில் 0 நம்பர் ஃபிலிம் இன்னும் ஜெயிக்கிறது.

எது வைத்திருந்தாலும் எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பி-யின் ஈலோரா தளத்தில் பதிவு வேண்டும். ஃபிலிமைத் தொடர்வதாக இருந்தால் டெவலப்பர் வாங்கும்போது ஒரு நல்ல தெர்மாமீட்டரையும் சேர்த்து வாங்குங்கள். ஃபிலிம் பெட்டியின் விலையில் பாதிகூட ஆகாது.